காசிம் சுலைமானி: பதவியை மீறி வளர்ந்த ஒரு தளபதியின் கதை

2025 ஜூன் 13 அதிகாலையில் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியபோது, கொல்லப்பட்டவர்களின் பெயர்கள் செய்திகளில் வரிசையாக வந்தன. முப்படைகளின் தலைமை அதிகாரி முகம்மது பாகேரி, புரட்சிக் காவல்படைத் தளபதி ஹுசைன் சலாமி, அதே படையின் விண்வெளிப் பிரிவுத் தளபதி அமீர் அலி ஹாஜிஸாதே. படித்த பலருக்கும் தலை சுற்றியிருக்கும். ஒரு நாட்டுக்கு இத்தனை தளபதிகளா? இதில் யார் யாருக்கு மேலே? அப்புறம் "குத்ஸ் படை" என்று தனியாக வேறு ஒன்றைச் சொல்கிறார்களே, அது எது?

பதவிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஈரானியப் படைகளைப் புரிந்துகொள்ள முயன்றால் குழப்பம்தான் கூடும். அதைவிட ஒரே ஒரு ஆளின் பாதையைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்து போனால் பாதி விஷயம் தானாகப் பிடிபடும். அதற்கு 2020 ஜனவரியில் பாக்தாத்தில் கொல்லப்பட்ட காசிம் சுலைமானியைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

## முதலில் சில சொற்கள்

1. ஆர்தெஷ். இது ஈரானின் வழக்கமான ராணுவம். மன்னர் ஷா காலத்திலிருந்து தொடர்ந்து வருவது. நாட்டின் எல்லையையும் சுதந்திரத்தையும் காப்பது இதன் பொறுப்பு என்கிறது அரசியல் சாசனத்தின் 143ஆவது பிரிவு.

2. ஸெபா. நாம் புரட்சிக் காவல்படை என்று சொல்வது இதைத்தான். 1979 புரட்சிக்குப் பிறகு ஆட்சிக்கு வந்தவர்கள், ஷா வளர்த்துவிட்ட ராணுவத்தை நம்பவில்லை. கவிழ்த்துவிடுமோ என்ற பயம். அதனால் தங்களுக்கென்று இன்னொரு படையைக் கட்டினார்கள். புரட்சியையும் அதன் பலன்களையும் காப்பது இதன் வேலை என்று 150ஆவது பிரிவு சொல்கிறது. இந்தப் பெயர் நமக்கு அந்நியமில்லை. நாம் புழங்கும் "சிப்பாய்" என்ற சொல் இதே பாரசீக வேரிலிருந்து வந்ததுதான்.

3. குத்ஸ் படை. ஸெபாவுக்குள் தரைப்படை, கடற்படை, விண்வெளிப் பிரிவு, பாசீஜ் என்ற தொண்டர் படை எல்லாம் உண்டு. ஐந்தாவதாக இருப்பது குத்ஸ். அரபியில் ஜெருசலேமின் பெயர் அது. நாட்டுக்கு வெளியே நடக்கும் வேலைகள் அனைத்தும் இதன் கணக்கு: உளவு, ஆயுத உதவி, பயிற்சி, பண உதவி, கூட்டாளி இயக்கங்களைக் கட்டி வளர்ப்பது.

4. சர்தார், சர்லஷ்கர். ஸெபாவின் மூத்த தளபதிகளை மரியாதையாக "சர்தார்" என்பார்கள். ஆர்தெஷில் அதே இடத்தில் "அமீர்". சர்லஷ்கர் என்பது படிநிலை. மேஜர் ஜெனரலுக்குச் சமம். நடைமுறையில் ஈரானில் தளபதிகள் எட்டும் உச்சி இதுதான். சுலைமானிக்கு இது 2011 ஜனவரியில் கிடைத்தது. பாகேரியும் சலாமியும்கூட சர்லஷ்கர்கள்தான். ஆக, சுலைமானியின் செல்வாக்குக்கு அவருடைய தோள்பட்டைச் சின்னத்தில் விடை கிடைக்காது.

இந்த இரண்டு ராணுவங்களுக்கும் மேலே முப்படைத் தலைமையகம் இருக்கிறது. அதற்கும் மேலே உச்சத் தலைவர். 110ஆவது பிரிவின்படி முழுப் படைகளுக்கும் அவர்தான் தலைமைத் தளபதி. அதிபரோ வெளியுறவு அமைச்சரோ குத்ஸ் படைக்குக் கட்டளை இட முடியாது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு ஆகும்.

## அப்பாவின் கடன்

சுலைமானி 1957இல் தென்கிழக்கு ஈரானின் கெர்மான் மாகாணத்தில், கனாத்-எ-மாலெக் என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. ஷா அரசின் நிலச் சீர்திருத்தக் காலத்தில் வாங்கிய கடன் 900 தொமான் தலைமேல் இருந்தது. கட்டாவிட்டால் அப்பாவைச் சிறையில் போடுவார்கள் என்ற பயத்தில், 13 வயதில் உறவுக்காரப் பையன் அகமதுவோடு கெர்மான் நகரத்துக்கு வேலை தேடிப் போனார். ஆள் சின்னது, உடம்பிலும் வலு இல்லை. பல இடங்களில் வேலை இல்லை என்று அனுப்பினார்கள். கடைசியில் கட்டட வேலை கிடைத்தது. பிறகு கெர்மான் நகரக் குடிநீர்த் துறையில் சேர்ந்தார். ராணுவப் பள்ளி, அதிகாரிப் பயிற்சி எதுவும் அவர் வாழ்க்கையில் கிடையாது.

புரட்சி வந்தபோது வயது 22. ஸெபாவில் சேர்ந்தார். ஆரம்பத்திலேயே வடமேற்கில் மஹாபாத் பகுதிக்கு, குர்து கிளர்ச்சியை அடக்கும் வேலைக்கு அனுப்பப்பட்டார். 1980 செப்டம்பர் 22இல் சதாம் ஹுசைன் ஈரான்மீது படையெடுத்தார். பதினைந்து நாள் பணி என்று சொல்லிப் போர்முனைக்குப் போனவர், போர் முடியும்வரை அங்கேயே இருந்துவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். அந்தப் போர் எட்டு ஆண்டுகள் நடந்தது.

அந்த எட்டு ஆண்டுகளைத் தவிர்த்துவிட்டு இவரைப் புரிந்துகொள்ளவே முடியாது. கெர்மான் இளைஞர்களைத் திரட்டி உருவான 41ஆவது சாரல்லா டிவிஷனுக்கு இருபதுகளிலேயே தளபதியானார். இரவில் எதிரி எல்லைக்குள் வேவு பார்க்கப் போய்விட்டு, திரும்பும்போது தன் ஆட்களுக்குச் சாப்பாட்டுக்காக ஆட்டைப் பிடித்துக்கொண்டு வருவார், அதனால் ஈராக் வானொலியில் அவருக்கு "ஆட்டுத் திருடன்" என்று பெயர் என ஒரு கதை உண்டு. உண்மையோ கட்டுக்கதையோ, பின்னாளில் அவரைச் சுற்றிக் கட்டப்பட்ட பிம்பத்தில் அந்த ஆட்டுக்கும் ஒரு இடம் இருக்கிறது.

ஈராக் பிடித்துவைத்திருந்த ஈரானிய நகரமான கோரம்ஷஹர் 1982 மேயில் மீட்கப்பட்டது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம் என்று ஈரானுக்குள்ளேயே இன்றுவரை பேசுவோர் உண்டு. நிறுத்தவில்லை. ஈராக்குக்குள் புகுந்தார்கள், இன்னும் ஆறு ஆண்டுகள் போர் இழுத்தது. 1986 டிசம்பரில் ஈரானின் கர்பலா-4 தாக்குதல் படுதோல்வி. அடுத்த மாதமே பஸ்ராவை நோக்கிக் கர்பலா-5. அதிலும் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். சதாம் விஷவாயு பயன்படுத்தியபோது உலகம் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1988 ஆகஸ்டில் போர் நின்றபோது எல்லை ஆரம்பத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்தத் தலைமுறைத் தளபதிகள் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடங்கள் இரண்டு. ஒன்று, ஆபத்து வந்தால் வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள். இரண்டு, சண்டை நடந்தே தீரும் என்றால் அது அடுத்தவன் மண்ணில் நடக்கட்டும். பின்னாளில் ஈரான் "முன்னரண்" என்று விளக்கிய கொள்கையின் வேர் இங்கேதான் இருக்கிறது. இந்த நியாயத்துக்கான விலையை அந்த "அடுத்தவன்" கொடுக்க வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஈராக்கியரும் சிரியரும் லெபனானியரும் அதைக் கொடுத்தார்கள்.

போருக்குப் பிறகு சில ஆண்டுகள் அவர் பெயர் வெளியே அடிபடவில்லை. கெர்மான், சிஸ்தான்-பலூசிஸ்தான் பகுதிகளில் ஆப்கன் போதைப்பொருள் கடத்தல்காரர்களோடு மோதிக்கொண்டிருந்தார். ஆப்கன் எல்லையை நன்றாகத் தெரிந்த ஆள் என்ற பெயர் அப்போதுதான் வந்தது.

## ஒரு வரைபடமும் ஒரு மேடைப் பேச்சும்

1997க்கும் 1998க்கும் இடையில் அகமது வாஹிதிக்குப் பதிலாக குத்ஸ் படைத் தளபதியானார். வந்த கொஞ்ச நாளிலேயே ஆப்கானிஸ்தானில் நெருக்கடி. 1998 ஆகஸ்டில் மஸார்-எ-ஷரீஃபைப் பிடித்த தாலிபான்கள், அங்கிருந்த ஈரானியத் தூதரக ஊழியர்களையும் ஒரு செய்தியாளரையும் கொன்றார்கள். ஈரான் எல்லையில் படையைக் குவித்தது. ஆனால் நேரடிப் போருக்குப் போகாமல், தாலிபானை எதிர்த்து நின்ற அகமது ஷா மசூத்தின் வடக்குக் கூட்டணிக்கு உதவியைக் கூட்டியது. பிறகு எல்லா நாடுகளிலும் நாம் பார்த்த முறை இதுதான்: சொந்தப் படையை அனுப்பாதே, உள்ளூரில் சண்டை போடுகிறவனைப் பலப்படுத்து.

இங்கே பலர் மறந்துபோன ஒரு அத்தியாயம் வருகிறது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு தாலிபான் அமெரிக்காவுக்கும் பொது எதிரி. ஜெனிவாவில் அமெரிக்க, ஈரானிய அதிகாரிகள் ரகசியமாகச் சந்தித்துக்கொண்டார்கள். அமெரிக்கத் தரப்பில் பேசிய ரயன் குரோக்கர் பின்னாளில் சொன்னது இது: எங்கெங்கே தாலிபான் படைகள் இருக்கின்றன, முதலில் எங்கே அடிக்க வேண்டும் என்று குறித்த வரைபடத்தை ஈரானியர் விரித்து வைத்தார். குறிப்பெடுத்துக்கொள்ளலாமா என்று குரோக்கர் கேட்டதற்கு, வரைபடத்தையே வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். அந்தப் பேச்சாளருக்குப் பின்னால் இருந்தவர் சுலைமானி என்பது குரோக்கரின் புரிதல்.

2002 ஜனவரி 29இல் அதிபர் ஜார்ஜ் புஷ் தன் உரையில் ஈராக், வட கொரியாவோடு ஈரானையும் சேர்த்து "தீமையின் அச்சு" என்றார். அந்தக் கதவு அதோடு மூடிக்கொண்டது. மூடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்வது சுலபம். நான் அதில் இறங்கப்போவதில்லை. ஆனால் ஈரான் என்றைக்கும் அமெரிக்காவோடு மோத மட்டுமே செய்தது என்று நினைப்பவர்கள் இந்த நான்கு மாதங்களைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

## ஈராக்: பழைய கூட்டாளிகள் ஆட்சிக்கு வந்தார்கள்

2003இல் அமெரிக்கா சதாமை வீழ்த்தியது. எட்டு ஆண்டு போரில் ஈரானால் முடியாததை மூன்றே வாரத்தில் முடித்துக் கொடுத்தது. அதற்குப் பிறகு பாக்தாத்தில் அதிகாரத்துக்கு வந்தவர்கள் யார் என்பதில்தான் சுவாரஸ்யம்.

1980களில் சதாமுக்கு எதிரான ஈராக்கிய ஷியாக்களையும் போர்க் கைதிகளில் சிலரையும் திரட்டி, ஈரான் "பத்ர்" என்ற படையை உருவாக்கியிருந்தது. அவர்கள் ஸெபாவோடு தோளோடு தோள் நின்று சொந்த நாட்டு ராணுவத்தை எதிர்த்தார்கள். ஹாதி அல்-அமிரி அங்கிருந்து வந்தவர். அபு மஹ்தி அல்-முஹந்திஸ் அங்கிருந்து வந்தவர். ஜலால் தலபானியின் குர்து இயக்கமும் அந்தப் போரில் ஈரானோடு கைகோத்திருந்தது. சதாம் விழுந்ததும் அமிரி நாடாளுமன்றத்துக்குப் போனார். தலபானி ஈராக்கின் அதிபரே ஆனார். சுலைமானிக்கு இவர்கள் இருபது வருடப் பழக்கம். அமெரிக்கத் தூதருக்கு இவர்கள் கோப்பில் இருக்கும் பெயர்கள்.

வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை 2008 மார்ச் காட்டியது. பஸ்ராவில் ஈராக் ராணுவத்துக்கும் ஷியா மதத் தலைவர் முக்ததா அல்-சதரின் படைக்கும் கடும் சண்டை. அதை நிறுத்த ஈராக்கிய அரசியல்வாதிகள் போன இடம் ஈரானின் கோம் நகரம். அங்கே சுலைமானியைப் பார்த்துப் பேசினார்கள். உடனே சதர் சண்டையை நிறுத்தச் சொன்னார். அதே நாட்களில் அமெரிக்கத் தளபதி டேவிட் பெட்ரேயஸுக்கு தலபானி வழியாகச் சுலைமானியிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஈராக், லெபனான், காஸா, ஆப்கானிஸ்தான் விஷயத்தில் ஈரானின் கொள்கையை நடத்துவது நான்தான், தூதர் வருவார் போவார், அவரும் என் ஆள்தான் என்பது சாரம். இதை வெளியே சொன்னவர் பெட்ரேயஸ்.

மறுபக்கம், அதே ஆண்டுகளில் குத்ஸ் படை பயிற்சி கொடுத்த குழுக்கள் கவச வண்டிகளைத் துளைக்கும் சாலையோரக் குண்டுகளை அமெரிக்கர்களுக்கு எதிராகப் பயன்படுத்தின. ஈரான் ஆதரவு பெற்ற குழுக்களால் ஈராக்கில் இறந்த தன் வீரர்கள் 603 பேர் என்று அமெரிக்கா பின்னர் கணக்குச் சொன்னது. 2007 மார்ச்சில் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 1747ஆவது தீர்மானத்தின் தடைப் பட்டியலில் சுலைமானியின் பெயர் ஏறியது.

லெபனானிலும் இதே கதைதான். 2006இல் இஸ்ரேலோடு 33 நாள் போர் நடந்தபோது பெய்ரூட்டில் ஹிஸ்புல்லா இயக்கத்தின் தலைவர் ஹஸன் நஸ்ரல்லாவோடும் அதன் ராணுவத் தளபதி இமாத் முக்னியாவோடும் தான் இருந்ததாக, சாவதற்கு மூன்று மாதம் முன்பு ஈரானியத் தொலைக்காட்சிப் பேட்டியில் அவரே விவரித்தார்.

## சிரியா, பிறகு ஐ.எஸ்.

2011இல் சிரியாவில் மக்கள் போராட்டம் வெடித்து உள்நாட்டுப் போரானபோது, அதிபர் பஷார் அல்-அசத் விழுந்தால் லெபனானுக்குப் போகும் தரைவழி போய்விடும் என்பதே தெஹ்ரானின் கவலை. சுலைமானி செய்தவை:

1. லெபனானின் ஹிஸ்புல்லாவை நேரடியாகச் சண்டைக்குள் கொண்டுவந்தார். 2013இல் எல்லையோர நகரமான குஸைரை அரசுப் படை மீட்டது அவர்களால்தான்.

2. ஈரானில் அகதிகளாக இருந்த ஹஸாரா என்ற ஆப்கன் ஷியா இனத்தவரைக் கொண்டு ஃபாதெமியூன் படையையும், பாகிஸ்தான் ஷியாக்களைக் கொண்டு ஸைனபியூன் படையையும் கட்டினார்கள். சம்பளமும் குடியிருப்பு அனுமதியும் தருவதாக ஆசை காட்டப்பட்டது. 14 வயதுச் சிறுவர்கள்கூட இதில் சேர்க்கப்பட்டு இறந்ததை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2017இல் ஆவணப்படுத்தியது. தெஹ்ரானில் கட்டட வேலை பார்த்துக்கொண்டிருந்த ஆப்கன் பையன் அலெப்போவில் போய்ச் செத்தான். கடனுக்காகக் கட்டட வேலைக்குப் போன அந்த 13 வயதுக் கெர்மான் பையனின் ஞாபகம் இங்கே வராமல் போகாது.

3. ரஷ்யாவை உள்ளே இழுத்தது. 2015 செப்டம்பர் 30இல் ரஷ்ய விமானத் தாக்குதல் தொடங்குவதற்கு முன்பு சுலைமானி மாஸ்கோ போய்வந்ததாக அப்போதே செய்திகள் வந்தன. மேலே ரஷ்ய விமானங்கள், கீழே ஈரான் திரட்டிய ஆட்கள் என்ற ஏற்பாட்டில், 2016 டிசம்பரில் கிழக்கு அலெப்போ வீழ்ந்தது. முற்றுகையிலிருந்து பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்ட அந்த மக்களிடம் கேட்டால், சுலைமானி யார் என்பதற்கு ஒரே பதில்தான் வரும்.

இதற்கு நடுவில் 2014 ஜூன் 10இல் வட ஈராக்கின் மோசூல் நகரம் ஐ.எஸ். (இஸ்லாமிய அரசு) என்ற தீவிரவாத இயக்கத்தின் கையில் விழுந்தது. ஈராக் ராணுவம் கலைந்து ஓடியது. தங்களுக்கு முதலில் ஆயுதம் கொடுத்தது ஈரான்தான் என்று குர்துத் தலைவர் மசூத் பர்ஸானி வெளிப்படையாகவே சொன்னார். ஐ.எஸ். முற்றுகையிட்டிருந்த துர்க்மென் ஷியா நகரமான ஆமிர்லி, ஆகஸ்ட் இறுதியில் மீட்கப்பட்டது. தரையில் சுலைமானி ஆதரித்த படைகள். வானத்தில் அமெரிக்க விமானங்கள். இரண்டு தரப்பும் கூட்டணி இல்லை என்று அடித்துச் சொன்னார்கள்.

அதுவரை அவர் முகம் வெளியே அதிகம் தெரியாது. ஆமிர்லிக்குப் பிறகு படங்கள் கொட்டின: போர்முனையில் தேநீர் குடிப்பது, தொழுவது, வீரர்களைக் கட்டிப்பிடிப்பது. ரகசியப் படையின் தலைவர் தற்செயலாக இப்படிப் புகைப்படத்தில் மாட்டமாட்டார். நாயகன் ஒருவர் தேவைப்பட்ட ஆட்சி, அவரை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 2017 நவம்பரில் சிரியாவின் எல்லை நகரமான அபு கமாலைப் பிடித்ததும், ஐ.எஸ். ஆட்சி முடிந்தது என்று உச்சத் தலைவர் கமேனிக்கு அவர் பகிரங்கமாகக் கடிதம் எழுதினார். 2019 மார்ச்சில் ஈரானின் மிக உயர்ந்த ராணுவ விருதான சுல்ஃபிகார் பதக்கம் கிடைத்தது. புரட்சிக்குப் பிறகு அதைப் பெற்ற முதல் ஆள் அவர்.

## மைதானமும் மேசையும்

2019 பிப்ரவரி 25இல் அசத் திடீரென்று தெஹ்ரான் வந்தார். கமேனியைச் சந்தித்தார், அதிபர் ரூஹானியைச் சந்தித்தார். படங்களில் சுலைமானி இருக்கிறார். வெளியுறவு அமைச்சர் ஜவாத் ஸரீஃப் இல்லை. ஒரு வெளிநாட்டு அதிபர் வந்திருப்பதே அவருக்குச் சொல்லப்படவில்லை. அன்றிரவு ஸரீஃப் இன்ஸ்டாகிராமில் ராஜினாமா செய்தார். அதிபர் ஏற்கவில்லை; வெளியுறவுக் கொள்கைக்குப் பொறுப்பு ஸரீஃப்தான் என்று சுலைமானியே அறிக்கை விட்டுச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. அமைச்சரின் அதிகாரத்துக்குத் தளபதி நற்சான்று தருகிறார் என்றால் நிலவரம் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

2021 ஏப்ரலில் ஸரீஃபின் ஒலிப்பதிவு ஒன்று கசிந்தது. பேச்சுவார்த்தையின் தேவைக்காக "மைதான்" வளைந்து கொடுத்ததே இல்லை, மைதானுக்காகத் தான்தான் ராஜதந்திரத்தைப் பலி கொடுத்ததாக அதில் புலம்பியிருந்தார். மைதான் என்றால் களம், நம்முடைய மைதானம்தான். ஈரானில் அந்தச் சொல் அன்றிலிருந்து சுலைமானியின் மறுபெயர் போலவே ஆகிவிட்டது.

இவ்வளவு செல்வாக்கு இருந்தும் தேர்தலில் நிற்கப் போவதில்லை, சிப்பாயாகவே இருப்பேன் என்று 2016இல் அறிவித்திருந்தார். அது பணிவு மட்டுமில்லை, கணக்கும்தான் என்பது என் எண்ணம். அதிபரானால் ரொட்டி விலைக்கும் வேலையின்மைக்கும் பதில் சொல்ல வேண்டும்.

## பாக்தாத் விமான நிலையம்

2018இல் அமெரிக்க அதிபர் டிரம்ப் ஈரானுடனான அணு ஒப்பந்தத்திலிருந்து விலகியதும் உரசல் ஏறிக்கொண்டே போனது. கடைசி எட்டு நாட்கள் இப்படி:

1. 2019 டிசம்பர் 27: ஈராக்கில் கிர்குக் அருகே கே-1 தளத்தில் ராக்கெட் தாக்குதல். அமெரிக்க ஒப்பந்த ஊழியர் ஒருவர் பலி.
2. டிசம்பர் 29: ஈரான் ஆதரவு பெற்ற ஈராக்கியக் குழுவான கதாயிப் ஹிஸ்புல்லாவின் முகாம்கள்மீது அமெரிக்க விமானத் தாக்குதல். குறைந்தது 25 பேர் பலி.
3. டிசம்பர் 31: பாக்தாத் அமெரிக்கத் தூதரக வாசலில் கூட்டம் புகுந்து தீ வைத்தது.
4. 2020 ஜனவரி 3: நள்ளிரவு தாண்டி, டமாஸ்கஸிலிருந்து வந்த விமானத்தில் சுலைமானி இறங்கினார். வரவேற்க முஹந்திஸ் வந்திருந்தார். விமான நிலையத்தை விட்டு வெளியேறும் சாலையில் இரண்டு வண்டிகளையும் ட்ரோன் ஏவுகணைகள் எரித்தன. பத்துப் பேர் இறந்தார்கள். சிவப்புக் கல் மோதிரம் போட்ட ஒரு கையை வைத்துத்தான் சுலைமானியை அடையாளம் கண்டார்கள்.

உடனடி ஆபத்தைத் தடுக்கவே கொன்றோம் என்றது வாஷிங்டன். அதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை, தாக்குதல் சட்டவிரோதம் என்று ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் ஆக்னஸ் காலமார்ட் அந்த ஜூலையில் அறிக்கை கொடுத்தார்.

ஈரானில் ஊர்வலங்களில் கூட்டம் அலைமோதியது. கெர்மானில் நடந்த இறுதி ஊர்வலத்தின் நெரிசலிலேயே 56 பேர் செத்தார்கள். இரண்டு மாதம் முன்பு பெட்ரோல் விலை உயர்வை எதிர்த்தவர்கள் தெருவில் சுடப்பட்ட அதே நாடு அது. ஈராக்கிலும் அப்படித்தான்: அழுதவர்கள் உண்டு, நவம்பரில் நஜஃபில் ஈரானியத் துணைத் தூதரகத்துக்குத் தீ வைத்த இளைஞர்களும் உண்டு. ஜனவரி 8இல் ஈரான் ஈராக்கில் அமெரிக்கப் படைகள் இருந்த ஐன் அல்-அசத் தளத்தை ஏவுகணைகளால் தாக்கியது. அன்று காலையே, பதற்றத்தில், தெஹ்ரானிலிருந்து கிளம்பிய உக்ரைன் பயணிகள் விமானத்தை ஸெபாவே சுட்டு வீழ்த்தியது. 176 பேர் இறந்தார்கள். மூன்று நாள் கழித்துத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

## நாற்காலி காலியாக இருக்கவில்லை

கொல்லப்பட்ட அன்றே துணைத் தளபதி இஸ்மாயில் கானி குத்ஸ் படைக்கு நியமிக்கப்பட்டார். பட்ஜெட் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள், ஆயுதம் இருந்தது. ஆனால் கானியின் அனுபவம் கிழக்கே, ஆப்கானிஸ்தான் பக்கம். பத்ர் காலத்து நட்பு அவருக்குக் கிடையாது. அவர் பாக்தாத்துக்குப் போனபோது மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டதாகவும், இனிமேல் விசா எடுத்து வாருங்கள் என்று ஈராக் அரசு சொன்னதாகவும் செய்தி நிறுவனங்கள் எழுதின. முந்தையவர் நினைத்த நேரத்தில் வந்து போன ஊர் அது. ஈராக்கில் அந்தக் குழுக்களை ஒரு கயிற்றில் கட்டி வைத்திருந்த முஹந்திஸும் அதே சாலையில் இறந்துபோயிருந்தார். ஆளாளுக்கு ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்தார்கள்.

2024 ஜனவரி 3இல், நான்காம் நினைவு நாளுக்குக் கெர்மான் கல்லறைக்கு நடந்து போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் இரண்டு குண்டுகள் வெடித்து 90க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொறுப்பேற்றது ஐ.எஸ். அந்த செப்டம்பரில் பெய்ரூட்டில் நஸ்ரல்லா கொல்லப்பட்டார். டிசம்பர் 8இல் ஆட்சி கவிழ்ந்து அசத் மாஸ்கோவுக்கு ஓடினார். அன்று டமாஸ்கஸில் ஈரானியத் தூதரகத்துக்குள் கூட்டம் புகுந்தது. கட்டடத்தின் முகப்பில் சுலைமானியும் நஸ்ரல்லாவும் இருந்த பெரிய படம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கிழித்துக் கீழே இழுத்தார்கள்.